முன்வண்டியும் பின்வண்டியும்

இரண்டு லாரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, பின்னால் வருவதை யாரும் ஓட்டாமல் வரவைப்பதுதான் அந்த வருடம் எனக்குக் கிடைத்த வேலை. முன்வண்டியை ஒரு டிரைவர் வழக்கம்போல ஓட்டுவார். அவர் பிரேக் மிதித்தாலும் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வேகத்தைக் கூட்டினாலும், கூரைமேல் பொருத்தியிருந்த ரேடியோப் பெட்டி அதை அந்தக் கணமே பின்வண்டிக்குச் சொல்லிவிடும். பின்வண்டி அதைக் கேட்டு அதேபோலச் செய்யும். பின்வண்டியின் முகப்பில் ஒரு ராடாரும் கேமராவும் இருந்தன. ரேடியோ கைவிட்டால் அவை பார்த்துக்கொள்ள வேண்டும். அவையும் கைவிட்டால் பின்வண்டியில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை அவர் எதையும் தொடக்கூடாது. கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய வேலை. அவருக்குப் பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னுடைய வேலை.

இந்த மாதிரி ஆராய்ச்சி வெளிநாடுகளில் நிறைய நடந்திருக்கிறது. அகலமான நெடுஞ்சாலைகளில், காலியான நிலத்தின் நடுவே லாரிகளை வரிசையாக ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரும்புப் பெட்டிகளை வீடு உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் ஒரு துறைமுகத்தில், உப்புக்காற்றுக்கு நடுவில் அந்த ரேடியோ எப்படிப் பேசும் என்பதை எங்கள் பேராசிரியர் ஒரு கேள்வியாக எழுதிக்கொடுத்து நிதி வாங்கியிருந்தார். நான் முனைவர் பட்டம் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். ஊர் தாமிரபரணிக் கரை. வயல் வைத்திருக்கும் வீடு. தூத்துக்குடியில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தேன்.

துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டு இருந்தது. அதன் பின்பக்கம் உப்பளத்தை ஒட்டி ஒரு சாலை நேராகப் போய், கன்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே வளைந்து திரும்பி வரும். வெளி வண்டிகள் வராத சாலை. அதைக் காலை வேளைகளில் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். சாலையின் தொடக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு நீள பெஞ்சு. பேராசிரியர் வரும் நாட்களில் மேசையில் அவர் உட்கார்ந்திருப்பார். வராத நாட்களில் அவர் விட்டுப்போன பை மட்டும் உட்கார்ந்திருக்கும் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். அவர் பாதி நாட்களில் கல்லூரிக் கூட்டங்களில் இருந்தார்.

டிரைவர்களை ஒரு டிரான்ஸ்போர்ட் ஒப்பந்தக்காரர் அனுப்பினார். இருவரும் பல வருடம் டிரெய்லர் ஓட்டியவர்கள். முன்வண்டிக்கு வந்தவர் திரேஸ்புரத்துக்காரர். ஒல்லியான உடம்பு, ஓயாத பேச்சு. பின்வண்டிக்கு வந்தவர் அவரைவிடச் சில வயது மூத்தவர், கனத்த ஆள், பெரியதாழையில் பிறந்தவர். கடலுக்குப் போகும் குடும்பம்தான். ஆனால் படகில் ஏறினால் அவருக்கு வயிறு புரட்டிவிடும். அதனால்தான் லாரிக்கு வந்ததாக முதல் நாளே அவராகச் சொன்னார். நான் இருவரையுமே அண்ணாச்சி என்று கூப்பிட்டேன்.

இருவரும் பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்காருவார்கள். ஒருவரை ஒருவருக்குத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஓட்டத்தன்று ஆளுக்கொரு ஹெட்செட் கொடுத்தோம். மூன்று பேர் பேசுவதும் மூன்று பேருக்கும் கேட்கும். முன்வண்டியிலிருந்து குரல் வந்தது.

"மேடம், நான் கெளம்பட்டா?"

என் பக்கத்தில் இருந்த பின்வண்டிக்காரர் என்னைப் பார்த்துத் திரும்பி, "கெளம்பச் சொல்லுங்க மேடம்" என்றார்.

அவர் சொன்னது முன்வண்டியில் தெளிவாகக் கேட்டிருக்கும். வண்டி நகரவில்லை. நான் "கிளம்புங்க அண்ணாச்சி" என்று சொன்ன பிறகே நகர்ந்தது. வேலையில் ரொம்ப ஒழுங்கானவர்கள் என்று அப்போது நினைத்தேன்.

ஒழுங்கு இல்லை அது என்பது அடுத்த சில நாட்களில் புரிந்தது. கொட்டகையில் உட்கார்ந்து ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது பின்வண்டிக்காரர் என்னிடம் சொல்வார்: "திருப்பத்துல ரொம்ப உள்வாங்கித் திருப்புதாரு. கொஞ்சம் வெளிய எடுக்கச் சொல்லுங்க." மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் முன்வண்டிக்காரரும் என்னிடமே பதில் சொல்வார்: "வெளிய எடுத்தா பின்சக்கரம் உப்பளத்துல எறங்கிரும்னு சொல்லுங்க மேடம்." நான் சொல்லவேண்டிய அவசியமே இருக்காது. ஆனாலும் நான் வாயைத் திறக்காதவரை அந்த விஷயம் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். நாளாக ஆக அது பழகிவிட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். முன்வண்டிக்காரர் காலையில் பைக்கில் வரும்போது ஒரு பையில் இரண்டு டிபன் கேரியர் கொண்டுவருவதைக் கவனித்தேன். ஒன்றைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வார். மற்றதைப் பெஞ்சின் அந்த ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். பின்வண்டிக்காரர் சாப்பிட்டு, கேரியரைக் கழுவித் துடைத்து, அதே இடத்தில் வைப்பார். சாயங்காலம் அது திரும்பப் பைக்குள் போகும். இரண்டிலும் ஒரே மீன்குழம்பு.

"அவருக்கும் உங்க வீட்டுச் சாப்பாடா அண்ணாச்சி?" என்று முன்வண்டிக்காரரிடம் கேட்டேன்.

"வீட்டுக்காரி குடுத்துவிடுதா."

"அவருக்கு எதுக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவளுக்கு அண்ணன்லா" என்றார்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். மைத்துனர்கள் இருவர், தங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, ஒருவரையாவது மாற்றிவிடலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பேச வேண்டியது லாரிகதானே?"

"ஆமா சார்."

"டிரைவர்ஸ் பேசணும்னு நம்ம புரொபோசல்ல எங்கயும் இல்லயே."

இருவர் பேரும் இன்சூரன்ஸில் ஏறிவிட்டது, பயிற்சியும் முடிந்துவிட்டது, இனி மாற்றினால் மழைக்காலம் வந்துவிடும் என்றார். அதுவும் சரிதான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

*

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பின்வண்டிக்காரரின் கால் சும்மா இருக்கவில்லை. முன்வண்டி கொஞ்சம் வேகம் குறைத்தாலே அவர் பிரேக்கை மிதித்துவிடுவார். டிரைவர் பிரேக்கைத் தொட்டதும் தானியங்கி விலகிக்கொள்ளும். அந்த ஓட்டம் அதோடு வீண். மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இடைவெளி அதிகமாக இருந்தபோது பரவாயில்லை. எங்களுக்கு வேண்டியது இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பது. குறைக்கக் குறைக்க அவர் மிதிப்பதும் கூடியது.

"அண்ணாச்சி, வண்டியே பிரேக் போட்டுடும். நீங்க பாத்திருக்கீங்கல்லா" என்றேன்.

"மெஷின நான் நம்புதேன் மேடம்."

"பெறகு?"

"முன்னால போறாரே, அவரத்தான் நம்ப மாட்டேன்."

ஹெட்செட் திறந்திருந்தது. முன்வண்டியிலிருந்து "மேடம், அடுத்த ரவுண்டு போவமா?" என்று மட்டும் வந்தது.

இன்னொரு நாள், வண்டிகள் நின்றிருந்தபோது, அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மேடம், இது சக்சஸ் ஆச்சுன்னா என்ன ஆவும்?"

"ஒரு டிரைவர் முன்னால போனா, பின்னால ரெண்டு மூணு வண்டி தானா வரும்."

"அப்ப முன்னால போறவனுக்கு வேல இருக்கும். பின்னால இருக்குதவன் வீட்டுக்கு."

"அதுக்கு இன்னும் ரொம்ப வருஷம் ஆகும் அண்ணாச்சி."

"ஆவட்டும். என்னைய ஏன் பின்னால போட்டீங்க? அதச் சொல்லுங்க."

அனுபவம் கூடுதலாக இருப்பவரைத்தான் பின்வண்டியில் போட்டோம், ஆபத்து வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவர்தான் என்றேன். உண்மையும் அதுதான். அவர் தலையை ஆட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்ததா என்று தெரியவில்லை. வாரக்கடைசியில் ஊருக்குப் போனபோது அப்பாவும் கிட்டத்தட்ட இதையே கேட்டார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "டிரைவர் இல்லாத லாரின்னா, அந்த டிரைவர் எங்க போவான்?" என்றார். பின்வண்டிக்காரருக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். "ரொம்ப வருஷம்னா எவ்ளோ வருஷம்?" என்று கேட்டார்.

*

பின்வண்டிக்காரரின் தங்கை, அதாவது முன்வண்டிக்காரரின் மனைவி, ஒரு நாள் கொட்டகைக்கே வந்தாள். மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் இறால் உரிக்கும் வேலை. அன்று அங்கே சரக்கு வரவில்லை என்று பாதியில் அனுப்பிவிட்டார்களாம். காலையில் புருஷன் மறந்துவிட்டுப் போன இரண்டு கேரியர்களையும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து, யார்டு வாசலிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தாள். ஆண்கள் இருவரும் வண்டிக்கு டீசல் போடப் போயிருந்தார்கள். பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"ரெண்டு பேரும் ஒழுங்கா வேல பாக்காவளா மேடம்?"

"வேலையெல்லாம் பாக்குறாங்க. பேசத்தான் மாட்டேங்குறாங்க."

"வீட்டுல மட்டும் பேசிக்கிடுதாவளாக்கும்" என்றாள். பிறகு அவளாகவே கதையைச் சொன்னாள்.

அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது, ஞானஸ்நானத்துக்குத் தன் அண்ணன்தான் ஞானத்தகப்பனாக நிற்பான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். குழந்தைக்கு வெள்ளைச் சட்டையும் சங்கிலியும் வாங்கிக்கொண்டு பெரியதாழையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். மாதா கோயிலுக்குள் போய்ப் பார்த்தால், பிள்ளையைக் கையில் வாங்க வேறொருவர் நின்றுகொண்டிருக்கிறார். புருஷன் அப்போது வேலை பார்த்த லாரி ஆபீஸின் சூப்பர்வைசர். அவரைக் கேட்டுக்கொண்டதைப் புருஷன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் கோயில் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"சாமியார் தண்ணி ஊத்துததுக்கு முன்னாடியே எங்கண்ணன் வெளிய போயிட்டான். சட்டயையும் சங்கிலியயும் பெஞ்சுல வச்சிட்டுப் போயிட்டான். அதுக்கப்பறம் என்கிட்ட பேசுவான், பிள்ளகிட்ட பேசுவான். எங்க வீட்டுக்காரவியகிட்ட ஒத்த வார்த்த கிடையாது. இவியளும் மன்னிப்புக் கேக்க மாட்டாவ. என்னத்த சொல்ல."

"அந்த சூப்பர்வைசர்?"

"அவரு மறு வருஷமே மாத்தலாகி மங்களூருக்குப் போயிட்டாரு. பிள்ளைக்கு அவரு மொகமே தெரியாது."

பிறகு, இங்கே என்னதான் வேலை என்று கேட்டாள். விளக்கினேன். ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அப்ப எங்கண்ணன் கையையும் காலையும் கட்டிக்கிட்டு, இவிய எங்க போனாலும் அங்கனயே பின்னாலயே போவணும்?"

"ஆமா."

"இவிய நின்னா அவனும் நிக்கணும்?"

"ஆமா."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஆண்கள் வந்து இறங்கியபோதும் அவளால் நிறுத்த முடியவில்லை. பின்வண்டிக்காரர் "ஏளா, என்னத்துக்குச் சிரிக்க?" என்றார். பதில் சொல்லாமல் கேரியரைத் திறந்து இருவருக்கும் சோறு போட்டுக் கொடுத்தாள். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ பிரேக்க மிதிச்சு மிதிச்சு வேலையக் கெடுக்கியாமே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

"இந்த வேலையும் போச்சுன்னா எங்க போவ? கடலுக்கா போவப் போற? கரையில நிக்கும்போதே ஒனக்கு வாந்தி வரும்."

முன்வண்டிக்காரர் பெஞ்சின் அந்த ஓரத்தில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து பின்வண்டிக்காரர் செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, கால் இரண்டையும் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். முன்வண்டி வேகம் குறைக்கும்போதெல்லாம் அவர் கழுத்து நரம்பு விறைப்பது எனக்குத் தெரியும். கால் வரவில்லை. நல்ல ஓட்டங்கள் கிடைக்க ஆரம்பித்தன. வெட்டவெளியில், உப்பளத்தை ஒட்டிய நேர்ப்பாதையில் ரேடியோ பிசகாமல் பேசியது. கன்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே வந்தால்தான் தடுமாறியது. அலை நேராகவும் வரும், இரும்பில் பட்டுத் தெறித்தும் வரும். இரண்டும் சேர்ந்து சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த இடங்களில் கொஞ்ச நேரத்துக்குப் பின்வண்டிக்குக் காது கேட்காது. எந்தெந்த இடங்கள் என்று படம் வரைவதுதான் எங்கள் ஆராய்ச்சி. அடுக்குகளை யார்டுக்காரர்கள் தினமும் மாற்றுவார்கள் என்பதால் படமும் தினமும் மாறும். பேராசிரியருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

*

மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் ஒரு காலை. இடைவெளியை இன்னும் குறைத்திருந்தோம். நேர்ப்பாதை முடிந்து, அடுக்குகளுக்கு நடுவே திரும்பினோம். ரேடியோ வலு குறைவதை என் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் சாலையைப் பார்க்கவில்லை.

யார்டுத் தொழிலாளர்களுக்கு டீ கொண்டுவருபவர் ஒருவர் உண்டு. பழைய மொபெட்டில் பின்னால் டீ கேனைக் கட்டிக்கொண்டு வருவார். காலையில் அந்தச் சாலைக்கு வரக்கூடாது என்று அவருக்கும் சொல்லியிருந்தது. அன்று மறந்துவிட்டாரோ, நாங்கள் போய்விட்டோம் என்று நினைத்தாரோ, இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலிருந்த சந்திலிருந்து சட்டென்று முன்வண்டிக்குக் குறுக்கே வந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முன்வண்டியின் பின்கதவு கண்ணாடிக்கு வெளியே திடீரெனப் பெரிதானது. காதில் முன்வண்டிக்காரரின் குரல் கிழிந்துகொண்டு வந்தது.

"மச்சான்! பிரேக்கப் போடும்! பிரேக்கப் போடும் மச்சான்!"

என் உடம்பு பெல்ட்டில் இடித்தது. லேப்டாப் மடியிலிருந்து பறந்து டேஷ்போர்டில் மோதி என் கால்மேல் விழுந்தது. பிறகு அசைவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. பின்வண்டிக்காரரின் இரண்டு கால்களும் பிரேக்கின்மேல் இருந்தன. கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. முன்வண்டியின் பம்பருக்கும் எங்கள் முகப்புக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கலாம்; அவ்வளவு இடம் இருந்தது.

இறங்கினோம். முன்வண்டிக்காரர் ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருந்தார். டீக்காரருக்கு ஒன்றுமில்லை. மொபெட் சாய்ந்து கிடந்தது. டீ முழுக்கத் தார்மேல் ஓடிக்கொண்டிருந்தது. "இப்பிடியாய்யா வண்டி ஓட்டுவீய? அம்புட்டு டீயும் போச்சே!" என்று அவர் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

முன்வண்டிக்காரர் நேரே வந்து அவருடைய மைத்துனரின் தோளைப் பிடித்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"நெஞ்சுல இடிச்சுச்சா?"

"இல்ல மாப்ள. ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான் பேச்சு. தான் தோளைப் பிடித்திருப்பது அப்போதுதான் தெரிந்ததுபோல முன்வண்டிக்காரர் கையை எடுத்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த மொபெட்டைத் தூக்கி நிறுத்தப் போனார். மற்றவர் அந்தப் பக்கம் போய் ஹேண்டில்பாரைப் பிடித்தார். நான் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன். வீங்க ஆரம்பித்திருந்தது.

மத்தியானத்துக்குள் கதை முடிவாகிவிட்டது. மெஷின் கைவிட்டது, மாப்பிள்ளை கத்தினார், மச்சான் மிதித்தார், மேடம் தப்பித்தார். யார்டு வாசலில் இருந்த வாட்ச்மேன், எனக்கு நடந்ததை என்னிடமே இப்படிச் சொன்னார். டீக்காரர் தன்னையும் அதில் காப்பாற்றப்பட்டவராகச் சேர்த்துக்கொண்டார்.

லேப்டாப்பின் மூடி உடைந்திருந்தாலும் உள்ளே இருந்த பதிவுக்குச் சேதமில்லை. வண்டியின் ஒவ்வொரு அசைவும் எங்கள் பேச்சும் ஒரே கடிகாரத்தில் பதிவாகும். கொட்டகையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். ரேடியோ அந்த இடத்தில் செத்திருந்தது, அது உண்மை. முன்வண்டி பிரேக் போட்ட செய்தி வந்து சேரவே இல்லை. ஆனால் ராடார் பார்த்துவிட்டது. முன்வண்டிக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே பின்வண்டி தானாக முழுப் பிரேக்கைப் போட ஆரம்பித்திருந்தது. கத்தல் அதற்குப் பிறகு. கால்கள் வந்தது அதற்கும் பிறகு. கத்தாமல் இருந்திருந்தாலும், மிதிக்காமல் இருந்திருந்தாலும் வண்டி அதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

பேராசிரியருக்கு போனில் சொன்னேன். அவர் முதலில் என் காலைப் பற்றிக் கேட்டார். பிறகு, இதைவிட நல்ல முடிவு நமக்குக் கிடைக்காது என்றார்.

டிரைவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வண்டியில் உட்காரப் போகிறவர்கள் அவர்கள். வண்டி என்ன செய்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை இருவரையும் உட்கார வைத்து, திரையில் கோடுகளைக் காட்டி, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று விளக்கினேன். முன்வண்டிக்காரர் முகம் கொஞ்சம் சிறுத்தது.

"அப்ப நான் கத்துனது வீணா மேடம்?"

நான் பதில் சொல்வதற்குள் பின்வண்டிக்காரர் பேசினார். என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இருக்கட்டும் மேடம். வண்டி முன்னாடியே நின்னுருக்கும். ஆனா அவன் கத்துனான்லா."

முன்வண்டிக்காரர் எழுந்து, கேரியர் இரண்டையும் நிழலுக்கு நகர்த்தி வைத்தார்.

*

அதன்பிறகு அவர்கள் பேசினார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. "திருப்பத்துல மெதுவா", "சரி", "டீசல் பாத்தீரா", "பாத்தாச்சு" என்கிற அளவு. நான் நடுவில் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை என்பதே எனக்குச் சில நாள் வித்தியாசமாக இருந்தது. வாயைத் திறந்துவிட்டு, தேவையில்லை என்று மூடிக்கொள்வேன்.

சாலையின் இரண்டு முனைகளிலும் ஆள் நிறுத்திவிட்டு ஓட்டங்களைத் தொடர்ந்தோம். ஒரு நாள் பின்வண்டிக்காரர் தன் மைத்துனரிடம் நேராகச் சொன்னார்: "இன்னைக்கு நீரு பின்னால உக்காரும். நான் முன்னால போறேன்."

பேராசிரியர் அன்று இருந்தார். இருவருக்கும் இரண்டு வேலைக்கும் பயிற்சி இருக்கிறது, போகட்டும் என்றார். முன்வண்டிக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கை முழங்கால்மேல். வண்டி நகர்ந்ததும் அவருடைய ஓயாத பேச்சு நின்றுவிட்டது. நேர்ப்பாதையில் போகும்போதே நெற்றி வேர்த்தது. முதல் வேகக்குறைப்பிலேயே கால் பாய்ந்து பிரேக்கை மிதித்தது. ஓட்டம் வீண்.

ஹெட்செட்டில் முன்னாலிருந்து குரல் வந்தது. "என்ன மாப்ள, மிதிச்சிட்டீரா?"

"தெரியாமப் பட்டுடுச்சு."

"படும். எனக்கும் படும்."

இரண்டாவது முறையும் மிதித்தார். மூன்றாவது முறை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதிலும் மிதித்தார். இறங்கிவந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இவரு இத்தன நாளா இதுக்குள்ள எப்பிடி உக்காந்திருந்தாரு மேடம்? சும்மா இருக்குதது லேசுல்ல." மறுநாள் பழையபடி முன்வண்டிக்கே போய்விட்டார். யாரும் அதைக் கிண்டல் செய்யவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி எனக்கு போன் செய்தாள். என் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பிறகு சொன்னாள்:

"எங்கண்ணன் இப்ப ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாரான் மேடம்."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? வந்தா ரெண்டு பேரும் டிவி பாத்துக்கிட்டே சண்ட போடுதாவ. எந்த ரோட்டுல எந்தத் திருப்பத்துல எப்பிடித் திருப்பணும்னு சண்ட. நான் குசினிக்குள்ள நின்னுக்கிட்டு, ஏன்டா பேச ஆரம்பிச்சீங்கன்னு இருக்கேன். முன்னாடி வீடு அமைதியா இருந்துச்சு."

குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னணியில் ஆண்கள் குரல் கேட்டது. யாரோ "மதுர பைபாஸுல" என்று சத்தமாகச் சொன்னார்கள்.

*

மழை தொடங்கியதும் ஓட்டங்கள் முடிந்தன. கட்டுரை எழுதி அனுப்பினோம். சில திருத்தங்களுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். டீக்காரர் குறுக்கே வந்த காலை அதில் இரண்டு வாக்கியமாக இருக்கிறது: கன்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே இணைப்பு அறுந்தபோது எதிர்பாராத ஒரு தடை வந்தது, ராடார் வழியாகவே வண்டி பாதுகாப்பாக நின்றது. கத்தலைப் பற்றி எதுவும் இல்லை. அதற்கு அங்கே இடமில்லை என்பது எனக்குப் புரிந்தது. இரண்டாம் கட்ட நிதி வரவில்லை. பேராசிரியர் வேறு ஒரு கேள்வியை எழுதத் தொடங்கியிருந்தார். எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. டிரைவர்கள் இருவரும் ஒப்பந்தக்காரரிடமே திரும்பிப் போகிறார்கள் என்றார்கள். ஒருவர் பெங்களூர் லைன், மற்றவர் கொச்சி லைன்.

லாரிகளைத் திருப்பிக் கொடுக்கும் முன் எங்கள் கருவிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. கேமராவும் ராடாரும் லேசாக வந்துவிட்டன. கூரைமேல் இருந்த ரேடியோப் பெட்டிகளின் போல்ட்டுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டன. இருவரும் பின்வண்டியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தார்கள். நான் கீழே நின்றேன்.

"எண்ண விட்டு ஊற வையும் மாப்ள. உடனே திருகுனா தல முறிஞ்சிரும்."

"எண்ணயெல்லாம் விட்டாச்சு. ஒம்ம எண்ணக்கி இது வராது. சுத்தியால ஒரு தட்டு தட்டுனா வரும்."

"தட்டுனா பெட்டி ஒடைஞ்சிரும். மேடத்துக்குப் பதில் நீரா சொல்லுவீரு?"

"அதெல்லாம் ஒடயாது. எறங்கும், நான் பாத்துக்கிடுதேன்."

"நீரு எறங்கும்."

யாரும் இறங்கவில்லை. உப்பளப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளிகள் தகரக் கொட்டகைமேல் விழும் சத்தம் கேட்டது. மழை வருகிறது, சீக்கிரம் என்று நான் கீழேயிருந்து சொன்னேன். அவர்கள் இருவரும் ஒரே ஸ்பேனரைச் சேர்ந்து பிடித்து ஒரு போல்ட்டைத் திருகினார்கள். அது முறிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெட்டியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, குனிந்து என் கையில் கொடுத்தார்கள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மழையில் நனையாமல் அதைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன்.